பாய் கொடுத்தனுப்பிய ரத்தம்

காலை பதினொன்று நாற்பதுக்கு லேப்பிலிருந்து போன் வந்தது. நான் வகுப்பில் பின்னங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"மேடம், உங்க பாப்பா சாம்பிள் கிளம்பிடுச்சு. ரசீதை எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?"

"நாளைக் கழிச்சுதானே அனுப்புறதா சொன்னீங்க?"

"ஆமா மேடம். ஆனா பாப்பாவோட மாமா வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே. இன்னிக்கே ஆள் போறாங்கன்னு சொன்னாரு."

என் மகள் கயலுக்கு மாமா கிடையாது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"வெள்ளைத் தாடி, கக்கத்துல குடையா?"

"அவரேதான் மேடம். நம்ம பாத்திரக்கடை பாய்."

வேறெந்த ஊரிலாவது ஒரு குழந்தையின் ரத்தத்தை இப்படித் தூக்கிக் கொடுப்பார்களா என்று தெரியவில்லை. போர்ட் பிளேரில், அதுவும் டெலானிபூர் மேட்டில், பாய் கேட்டால் கொடுப்பார்கள். கேட்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எதற்குக் கேட்கிறார் என்பதும் தெரியும். அவருக்குத் தெரிந்தது ஒரே காரியம்தான்: மெயின்லேண்டுக்குப் போகிற ஆளைக் கண்டுபிடித்து, அவர் கையில் எதையாவது கொடுத்தனுப்புவது.

தீவில் இருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்வோம். ரிப்பேருக்குப் போகிற மூக்குக்கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை, ஐஸ் போட்ட சுர்மாய் மீன், எல்லாமே சென்னைக்குப் போகிற யாராவது ஒருவர் கையில்தான் போகும். நாங்கள் தேவைக்குச் செய்தோம். பாய் அதைத் தொழுகைக்கு அடுத்தபடியாகச் செய்தார். கடையில் வாளி வாங்க வருகிறவரிடம் விலை சொல்வதற்கு முன்பே, "ஊருக்குப் போறீங்களா? எப்ப? லக்கேஜ் எவ்வளவு?" என்பார். போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். உங்கள் பெட்டிக்குள் யாருடைய பேரப்பிள்ளைக்கோ தொப்பியும், யாருடைய கொழுந்தனுக்கோ சான்றிதழும் ஏறிவிடும்.

கூரியர் என்ற சொல்லையே அவர் அவமானமாக எடுத்துக்கொள்வார். "காயிதத்துல பேரை ஒட்டி மூட்டையில வீசறதுக்குப் பேரு அனுப்புறதா டீச்சர்? கையில குடுக்கணும். மூஞ்சியப் பாத்துக் குடுக்கணும். கை மாறும்போது ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கணும். அதான் அனுப்புறது."

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் யாரிடம் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. பெயர் கேட்க மாட்டார். ஊர் மட்டும் கேட்பார். "பேர வச்சு என்ன பண்ண? ஆயிரம் பேருக்கு ஒரே பேரு. ஊரு தெரிஞ்சாப் போதும்." ஒருமுறை என் பி.எட். மூலச் சான்றிதழைத் திருச்சிக்கு அனுப்பினேன். எங்கே போயிற்று என்று இரண்டு வாரம் அலறினேன். "மணமேல்குடிக்காரர்கிட்டதான் இருக்கு, பத்திரமா இருக்கும்" என்று அவர் பாட்டுக்கு டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்துதான் சேர்ந்தது. எப்போதுமே வந்து சேர்ந்துவிடும். அவரைத் திருத்த முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை பேரை இத்தனை தடவை வழியனுப்பிய மனிதர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. இளவயதில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் இங்கே வந்தபோது புயலில் மாட்டிக்கொண்டாராம். அதற்கப்புறம் கடலைத் தாண்டவில்லை. பேரன் பிறந்தபோதும் போகவில்லை. தங்க அரைஞாணை யார் கையிலோ கொடுத்துவிட்டு, கடை வாசலில் நின்று வீடியோ காலில் குழந்தையைப் பார்த்தார். "போயிட்டு வரலாமே பாய், ரெண்டு மணி நேரந்தானே?" என்று கேட்டால், "கீழ தரை இல்லாத வண்டியில எவன் ஏறுவான்?" என்பார்.

கயலுக்கு அப்போது பத்து வயது. பார்ப்பவர்கள் இரண்டாம் வகுப்பா என்று கேட்பார்கள். பம்பூஃப்ளாட் படகில் ஏறும்போது படகுக்காரர் அவளைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கி உள்ளே வைப்பார். அவர் அன்பாகத்தான் செய்வார். இவளோ இறங்கும் வரை யாரோடும் பேசமாட்டாள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பின் வயது பல வருடம் பின்தங்கியிருந்தது. தைராய்டு சரி. சாப்பாடு சரி. அடுத்தது இந்த ரத்தப் பரிசோதனை.

இங்குள்ள குழந்தைகள் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வளர்ச்சி ஹார்மோனை நேராக அளந்து பயனில்லையாம். அது தூக்கத்தில் அலை அலையாக வந்துபோகும். பகலில் எடுத்தால் யாருக்கும் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அதன் ஏவலில் உடம்பு உண்டாக்கும் ஒரு புரதம் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் ரத்தத்தில் இருக்கும். அதை அளந்தால் விஷயம் தெரியும். அதோடு இன்னொரு புரதத்தையும் அளக்க வேண்டும்.

"அந்த இன்னொண்ணு எதுக்கு டாக்டர்?" என்று கயல் கேட்டாள். தன்னைப் பற்றிப் பேசும்போது தன்னிடம் பேச வேண்டும் என்று நினைக்கிற பெண்.

"முதல் புரதத்தை அதுதான் தூக்கிட்டுப் போகும். எங்க போய்ச் சேரணுமோ அங்க கொண்டுபோய் விடும். தூக்க ஆள் இல்லேன்னா, முதல் புரதம் கொஞ்ச நேரத்துல காணாமப் போயிடும்."

"ஓ! பாய் தாத்தா மாதிரி."

டாக்டரம்மாவும் டெலானிபூரில்தான் குடியிருந்தார். சிரித்துவிட்டார்.

பரிசோதனை சென்னையில்தான். இங்கே ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, உறைய வைத்து, உறைந்த நிலை கலையாமல் அனுப்ப வேண்டும். உருகி வந்தால் அங்கே வாங்கமாட்டார்கள். ஊசி மருந்து தேவைப்பட்டால் அவள் பெரியவளாவதற்கு வெகு முன்பே தொடங்க வேண்டும் என்பதால், சென்னை ஹார்மோன் டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தோம். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. கயலின் நரம்பு கிடைக்காது. அன்று இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். கடைசியில் புறங்கையில் கிடைத்தது. அவள் கத்தவில்லை. என் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "இதோட சரியாம்மா?" என்றாள். "இதோட சரி, சத்தியமா" என்றேன். துப்பட்டாவில் இரண்டு பல் அளவு ஓட்டை இன்னும் இருக்கிறது.

லேப்பின் உறைபெட்டியில் அந்த இரண்டு சின்னக் குழாய்களும் பத்திரமாக இருந்தன. நாளை மறுநாள் அவர்களுடைய சரக்கோடு போயிருக்கும். அதைத்தான் பாய் போய் எடுத்திருக்கிறார்.

பள்ளியில் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். பாய் பிளாஸ்டிக் முறங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"வாங்க டீச்சர். காரியம் முடிஞ்சிருச்சு. ரெண்டு நாள் எதுக்கு அது அங்க சும்மா கெடக்கணும்? ஒரு மணி ஃப்ளைட்டுல ஆள் போறாங்க."

"யாரு பாய்?"

"பரமக்குடிக்காரரு."

"பேரு?"

"நல்ல மனுசன் டீச்சர். இப்பத்தான் ரெண்டு வாளி வாங்கினாரு."

"வாளி வாங்கினா நல்ல மனுசனா? என் புள்ளை ரத்தம் பாய் அது! ஐஸ் உருகினா குப்பையில போடணும்!"

"அரே, ஐஸ் எப்படி உருகும்? லேப்புல குடுத்த டப்பா இத்தூணூண்டு. நம்பிக்கையே இல்ல. அதை அப்படியே நம்ம பெரிய தெர்மாகோல் பெட்டிக்குள்ள வச்சு, நாலு பக்கமும் ஐஸ் கொட்டி, பக்காவா டேப் ஒட்டிக் குடுத்திருக்கேன். மேல உங்க பேரு, வீடு, சென்னை லேப் விலாசம், எல்லாம் மார்க்கர்ல எழுதியாச்சு. டென்சன் ஆகாதீங்க. டீ சொல்லவா?"

அவர் சொன்ன பெரிய தெர்மாகோல் பெட்டி என்ன என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இந்தத் தீவிலிருந்து சென்னைக்கு மீன் போகிற அதே பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே மீன் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

பன்னிரண்டரைக்கு மழை பிடித்தது. சென்னையிலிருந்து வந்த விமானம் மேகத்துக்கு மேலே வட்டமடித்துவிட்டு இறங்காமல் திரும்பிப் போய்விட்டது. ஒரு மணி ஃப்ளைட் ரத்து. பரமக்குடிக்காரரின் எண்ணை பாய் வாங்கி வைத்திருந்தார், அதுவரை நல்லது. அது சுவிட்ச் ஆஃப். விமான நிலையத்துக்கு ஆட்டோவில் போனேன். கலைந்துகொண்டிருந்த கூட்டத்தில், கையில் இரண்டு வாளியோடு யாராவது நிற்கிறாரா என்று தேடினேன். எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவள், வாளியைத் தேடி அலைந்தேன். கயலின் அப்பா கார் நிக்கோபார் தீவில் வேலையில் இருந்தார். அவருக்குப் போன் போட்டால் "ஹலோ, ஹலோ" என்று நான்கு தடவை சொல்வதற்குள் இணைப்பு அறுந்துபோனது.

பாயும் குடையோடு வந்து சேர்ந்தார். போகிற வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "பரமக்குடிக்காரரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அந்தக் காட்சியைப் பார்த்ததும் என்னால் அவரைத் திட்ட முடியாமல் போனது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சுனாமி வந்தபோது நான் இங்கே கல்லூரியில் படித்தேன். அப்பா கட்சால் தீவில், அரசு ரப்பர் தோட்டத்தில். இலங்கை மலையகத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. தீவோடு தொடர்பு அறுந்துபோயிற்று. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. அப்போது பாயை எனக்குச் சரியாகத் தெரியாது. விடுதிக்குப் பக்கத்துக் கடைக்காரர், அவ்வளவுதான். அவர் கடையைப் பூட்டிவிட்டு ஹேடோ துறைமுகத்தில் போய் நின்றார். தெற்கிலிருந்து வந்திறங்கிய ஒவ்வொருவரையும் இப்படித்தான் நிறுத்தி, "கட்சால்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். ஒரு சாயங்காலம் விடுதி வாசலில் வந்து நின்றார். "உங்க வாப்பா ரப்பர் மேட்டுல இருக்காரும்மா. கால்ல அடி, உசுருக்கு ஒண்ணுமில்ல. பரீட்சைக்கு ஒழுங்காப் படிக்கச் சொன்னாராம்." அந்தச் செய்தி எத்தனை வாய் மாறி வந்ததோ தெரியாது. ஆனால் பரீட்சை என்ற சொல் இருந்ததால் அது அப்பாதான் என்று நம்பினேன்.

இப்படிப்பட்ட மனிதரை எந்த வாயால் திட்டுவது? திட்டாமல்தான் எப்படி இருப்பது?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. வங்காளி டிரைவர் ஒருவர் நனைந்துகொண்டே தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி வந்தார். மூலையிலிருந்து தண்ணீர் கோடாக ஒழுகியது.

"தீதி, மச்லி வாபஸ் ஆ கயா. ஃப்ளைட் கேன்சல். ஆஜ் ஹி பகா லேனா, நஹி தோ கராப் ஹோ ஜாயேகா."

மீன் திரும்பி வந்துவிட்டதாம். இன்றைக்கே சமைத்துவிட வேண்டுமாம், இல்லையென்றால் கெட்டுவிடுமாம்.

ஃப்ளைட் ரத்தானால் மீன் பெட்டியை உடனே உரியவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது இங்கே எழுதப்படாத மரியாதை. பாய் உள்ளே என்னவென்று சொல்லாமலே கொடுத்திருக்கிறார்; இரண்டு வாளி வாங்கிய அந்த நல்ல மனிதர் அந்த மரியாதையைத் தவறாமல் செய்திருக்கிறார். மேலே எழுதியிருந்த என் வீட்டு விலாசத்தைக் காட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறார். டிரைவர், வழியில் கிடைத்த சவாரிகளையெல்லாம் முடித்துக்கொண்டு, மதியம் முழுக்க அதை ஊர் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே ஐஸ் கரைந்து, இரண்டு குழாய்களில் இருந்ததும் உருகிப்போயிருந்தது.

கயல் என் பின்னால் நின்றாள். பெட்டியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். புறங்கையில் பச்சையாகக் கன்றியிருந்த இடத்தை மற்றொரு கையால் மூடிக்கொண்டாள்.

"திரும்பக் குத்துவாங்களா?"

நான் குழாய்களை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தேன்.

"வேணாம்மா. நான் குள்ளமாவே இருந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. விடுங்க."

அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுத்தவளைப் போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் லேப் என்று சொன்னவுடன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் மட்டும்தான் நுழையக்கூடிய இடுக்கு. கெஞ்சினேன், மிரட்டினேன். சென்னை டாக்டரின் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. "நீங்க சத்தியம் பண்ணீங்க" என்ற ஒரே பதில்தான் அந்த இடுக்கிலிருந்து வந்தது.

பாய் என்ன செய்தார்? நேரில் வரவில்லை. மறுநாள் காலை பால்காரர், "பாய் ரொம்ப வருத்தப்படறாரு டீச்சர், சொல்லச் சொன்னாரு" என்றார். மத்தியானம் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா ஒரு பை ஆப்பிளோடு வந்தார், பாய் கொடுத்துவிட்டாராம். சாயங்காலம் தபால்காரர். "அந்தப் பாப்பாகிட்ட மாஃப் பண்ணச் சொல்லுங்கன்னு பாய் சொன்னாரு." மன்னிப்பைக்கூட ஆள் கையில் கொடுத்தனுப்புகிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், தபால்காரர் என்றும் பார்க்காமல் கத்தினேன். "அவருக்குக் கால் இல்லையா? இங்கேருந்து நூறு அடி! அதுக்கும் ஆள் போகணுமா?"

உள்ளேயிருந்து கயலின் குரல் வந்தது. அன்றைக்கு அவளாக வாய் திறந்தது அப்போதுதான்.

"அங்கிள், பாய் தாத்தாவை வரச் சொல்லுங்க. அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடை பூட்டியிருந்தது. பூட்டிய கதவைப் பார்த்து எனக்குப் பயம்கூட வந்தது, ஏதாவது ஆகிவிட்டதோ என்று. இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அதைக் கடக்கும்போது அந்தப் பூட்டு இன்னும் என் கண்ணுக்குத் தெரிகிறது. கயலுக்காக இன்றைக்கும் ஊசி மருந்தோடு மாதம் ஒரு குளிர்பெட்டி சென்னையிலிருந்து வருகிறது. அது வருகிற வாரமெல்லாம் தவறாமல் பாயிடமிருந்து போன் வரும். "யார் கையில வருது டீச்சர்?" கூரியர் என்பேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பாய் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காலில் புதுச் செருப்பு. ஒரு கையில் சின்னப் பெட்டி, தெர்மாகோல் அல்ல; லேப்பிலேயே கேட்டு வாங்கிய நீலப் பெட்டி. மறு கையில் துணிப்பை. பையின் வாயில் ஒரு துண்டும் பல்துலக்கும் பிரஷும் எட்டிப் பார்த்தன. நெற்றி முழுக்க வியர்வை. என்னைப் பார்க்காமல் உள்ளே பார்த்தார்.

கயல் இடுக்கிலிருந்து வெளியே வந்து, ஆனால் அறை வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"என்னமோ கேக்கணும்னியாமே புள்ள."

"திரும்ப ரத்தம் எடுத்தா, இந்தத் தடவை யார் கையில குடுப்பீங்க?"

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

"ஆள் கெடைச்சாச்சு ராசாத்தி. பேரு தெரியும், ஊரு தெரியும், டிக்கெட்டும் போட்டாச்சு. ஆனா ஆளு சரியான பயந்தாங்கொள்ளி. நீ கையை நீட்டு. அதைப் பாத்துட்டாவது அவன் ஏறிடறானான்னு பாப்போம்."